தானாக விட்ட வேலை

மிசஸ் ப்ளைத் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்ததுமே நிக்கோலா உஷாராகிவிட்டாள். ஹாவர்பி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எந்த அதிகாரியும் யாருக்கும் பிஸ்கட் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

போதாததற்குக் "கண்ணு" என்று வேறு கூப்பிட்டாள்.

பிள்ளையைத் தனியாக வளர்க்கும் பெண்களை வேலைக்கு அனுப்பும் திட்டத்தில், நிக்கோலாவை மீன் ஆலையில் சேர்த்துவிட்டதே இந்த அம்மாள்தான். மீன் துண்டுகளுக்கு மாவு பூசும் வேலை. ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. உதவித்தொகை கேட்டு மறுபடியும் அதே நாற்காலி.

ஆலையே அனுப்பிவிட்டால் பணம் உண்டு. தானாக விட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு பவுண்டுகூடக் கிடையாது. ஹாவர்பியில் பச்சைக் குழந்தைக்கும் இது தெரியும்.

அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நிக்கோலா சொல்லியிருந்தாள். கேட்டால் அப்படியே சொல்வதாக ஆலை சூப்பர்வைசரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. கோடை விடுமுறையில் பையனை யார் பார்த்துக்கொண்டது? ஆறு வாரமும் உன் அம்மாவா? அவருக்கு முட்டி வலி என்றாயே, முடிந்ததா?

எல்லாம் அக்கறையாகத்தான் கேட்டாள். அந்த அக்கறைதான் பயமாக இருந்தது. நிக்கோலா ஆமாம், இல்லை என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. பிஸ்கட்டையும் தொடவில்லை.

மிசஸ் ப்ளைத் கண்ணாடியைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது.

தன் பெண்ணுக்கு ஏழு வயது என்றாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். விடுமுறையில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, தானும் இந்த வேலையை விடப்போவதாகச் சொன்னாள். எப்படி விடுவது, என்ன சொல்வது என்று இங்கே யாரை நம்பிக் கேட்பது?

நிக்கோலாவுக்குத் தன்னையே எதிரே பார்ப்பதுபோல் இருந்தது. இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகிவிட்டது.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீங்களா விட்டதா மட்டும் சொல்லிடாதீங்க. நானும் ஸ்கூல் லீவுக்காகத்தான் விட்டேன். சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சி, அவங்களே அனுப்பிட்டதா சொல்ல வெச்சேன்."

மிசஸ் ப்ளைத் அவள் கையை அழுத்தி நன்றி சொன்னாள்.

வாசலில் லியான் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றாள். அதே ஆலையில் இருந்து, நிக்கோலாவுக்கு முன்பே வேலையை விட்டவள். போன வாரம் அவளுக்குப் பணம் நின்றுவிட்டது. யார் போட்டுக் கொடுத்தார்கள் என்று கேட்க வந்திருந்தாள்.

மனசு கேட்காமல் நிக்கோலா, மிசஸ் ப்ளைத்தின் ஏழு வயதுப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள்.

லியான் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"பொண்ணா? எங்கிட்ட பையன்னுல்ல சொல்லி அழுதா."