ஷீல்டு வருமா?

எழுபத்திரண்டாம் வருஷத்து லீக் ஆட்டங்கள் தொடங்க ஒரு வாரம் இருந்தது. காஞ்சிபுரத்துப் புட்பால் கிளப் ஒன்றின் செக்ரட்டரி ராஜகோபால், புதுக் கேப்டன் பூவராகவனை அழைத்துக்கொண்டு வடிவக்காவின் வீட்டுக்கு வந்தார்.

"இந்த வருஷம் ஷீல்டு நமக்கு வருமாக்கா?"

"வராது தம்பி" என்றாள் வடிவு, யோசிக்காமலே. "முன்னாடி ஆடற தறிக்காரப் பசங்க உயிரைக் குடுக்கிறாங்க. பேக் ரெண்டு பேரும் பரவாயில்ல. கோலிதான் சரியில்ல. பந்துக்குப் பயந்துக்கினு நிக்கிறான்."

ராஜகோபாலின் முகம் மாறியது. கோல்கீப்பர் கண்ணாயிரம் அவருடைய சொந்தத் தம்பி.

"வேற யாரைப் போடறது?"

"தாமல்லேர்ந்து வர்ற ரிசர்வ் கோலி இருக்கான்ல, சின்னப்பையன்னு பேரு? அவனைப் போடுங்க. அவன் கீழ விழ அஞ்சமாட்டான்."

பூவராகவனுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு மாசமா பிராக்டீஸ் நடக்குது. உங்கள ஒரு நாள்கூட கிரவுண்டுல பாத்ததில்லியேம்மா?"

"நான் எங்கப்பா வந்தேன்? புட்பால் ஆட்டத்தையே நான் பாத்ததில்ல."

வடிவு மூலையிலிருந்த அழுக்கு மூட்டையை அவிழ்த்து, இரண்டு ஜெர்சிகளை எடுத்துப் போட்டாள்.

"பதினஞ்சு பேரு துணியும் என்கிட்டதான் வெளுக்க வருது. இது சின்னப்பையனோடது. முழங்கையெல்லாம் மண்ணு, எவ்வளவு கும்முனாலும் போவ மாட்டேங்குது. இது உங்க தம்பியோடது. காலர்ல மட்டும்தான் அழுக்கு இருக்குது."

ராஜகோபால் இரண்டையும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு பையிலிருந்த பட்டியலை எடுத்து, தம்பியின் பெயரை அடித்துவிட்டுச் சின்னப்பையன் என்று எழுதினார்.

வீட்டில் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.