கூட்டத்திலிருந்து ஒரு குரல்

மூத்த பதிப்பாசிரியர் அந்தப் பத்தியின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டு, தாளை மேசையின் குறுக்கே தள்ளினார்.

எதிரில் இருந்த பெண்ணின் முகம் சுண்டிப்போனது. வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் எழுதிய முதல் பெரிய கட்டுரை அது.

இசைக் களஞ்சியத்தின் புதிய பதிப்பு அன்று மாலை அச்சுக்குப் போகிறது. லைவ் ஆல்பங்களின் பகுதி மட்டும்தான் பாக்கி. ஆசிரியர் குழு முழுக்க அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதில் அவர் கறார். எங்கே பதிவானது, யார் என்ன வாசித்தார்கள், எந்த வரிசையில் பாடினார்கள், பிறகு ஸ்டூடியோவில் எதை ஒட்டுப்போட்டார்கள். அவ்வளவுதான். நடுவில் மழை வந்தது, டிரம்ஸ்காரர் சட்டையைக் கழற்றி வீசினார் என்றெல்லாம் எழுதினால் கோடுதான்.

அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். அவருடைய கல்யாணப் பத்திரிகையையே திருத்தக் கொடுத்தாலும், தேவையில்லை என்று பெண் பெயரை அடித்துவிடுவார் என்பார்கள்.

ஆனால் இந்த முறை அந்தப் பெண் விடவில்லை.

அவள் எழுதியிருந்தது ஒரு சிறைச்சாலைக்குள் பதிவான ஆல்பத்தைப் பற்றி. கேட்டவர்கள் எல்லாரும் கைதிகள். கடைசிப் பாட்டில் பாடகருக்கு வரி மறந்துவிடுகிறது. கூட்டத்திலிருந்து ஒரு கைதி சுருதி பிசகாமல் அந்த வரியை எடுத்துக் கொடுக்கிறார். பாடகர் சிரித்துவிட்டு, நீயே பாடிமுடி என்கிறார். மீதிச் சரணம் முழுக்க அந்தக் கைதியின் குரல்தான்.

அது யார் என்று இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாது. அவள் கண்டுபிடித்துவிட்டாள். அந்தச் சிறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற காவலர் ஒருவரைத் தேடிப் பிடித்து, பெயரை வாங்கி வந்திருந்தாள்.

பெயரைச் சொன்னாள். கொலைக் குற்றம், ஆயுள் தண்டனை, உள்ளேயே செத்துப்போனார் என்றும் சொன்னாள்.

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு, கூட்டத்தின் சத்தமெல்லாம் களஞ்சியத்துக்கு எதற்கு என்றார். அந்தப் பக்கம் கதவு சாத்திய சத்தத்தையும் எழுதுவோமா என்று கேட்டார். வழக்கமாக இப்படிச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள்.

தலைமைப் பதிப்பாசிரியர் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் விதிப் புத்தகத்தைப் பிரித்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். பதிவில் பாடியிருப்பவர் யாராக இருந்தாலும், பெயர் தெரிந்தால் பெயரைப் போட வேண்டும். பின்னால் நின்று பாடிவிட்டுப் பெயரில்லாமல் போனவர்களுக்காக, எல்லாரோடும் மல்லுக்கட்டி அந்த விதியைக் கொண்டுவந்தவரே மூத்தவர்தான்.

அவர் விதியைப் பார்த்தபடி, பெயர் வேண்டாம், ஒரு கைதி என்று போட்டால் போதாதா என்றார். குரல் இறங்கியிருந்தது.

போதாது என்றார் அந்த அம்மாள்.

காவலருக்கு வயதாகிவிட்டது, நினைவு தடுமாறியிருக்கலாம் என்றார் அவர். காவலர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார் என்றாள் அந்தப் பெண். மறுத்துச் சொல்ல வேறு ஆள் இல்லாதவரை காவலர் சொன்னதுதான் ஆதாரம் என்றார் தலைமை.

செத்தவருக்குக் குடும்பம் இருக்குமே என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

இருந்தது. ஒரு மகள். குழந்தைகள் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். அப்பா கப்பல் விபத்தில் போனதாகத்தான் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தப் பெண் இதையும் விசாரித்து வைத்திருந்தாள். பாவமாகத்தான் இருக்கிறது சார், ஆனால் உண்மையை எப்படி மறைப்பது என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அந்தக் கேள்வியை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

யாரோ ஸ்பீக்கரில் அந்தப் பாட்டைப் போட்டார்கள்.

பாடகர் வரியில் தடுக்கினார். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு அந்தக் குரல் வந்தது. இளசான, பயமில்லாத குரல். அறையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். என்ன குரல், வெளியே இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பான் என்று ஒருவர் உச்சுக்கொட்டினார்.

மூத்தவருடைய நாற்காலி சுவரோரம் இருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள். எழுந்து போவதென்றால் யாரையாவது எழுப்பித்தான் போக வேண்டும். அவர் எழவில்லை. தண்ணீர் தம்ளரை எடுத்தவர் குடிக்காமல் அப்படியே வைத்தார்.

சரணம் முடிந்தது. கைதட்டல் எழுந்தது. தலைமைப் பதிப்பாசிரியர் பேனாவைத் திறந்து, கட்டுரையை ஒப்புதல் கையெழுத்துக்காகத் தன் பக்கம் இழுத்தார்.

மூத்தவர் அந்தத் தாளின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

பெயர் தப்பு என்றார்.

ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார் தலைமை. இந்த முறை அவர் குரலிலும் சலிப்பு தெரிந்தது.

அவர் தலைமையைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த பெண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அவனுக்குப் பாடவே வராதும்மா. நான் பாடினப்போ என் பக்கத்துலதான் உக்காந்திருந்தான்."