நனையாத ஸ்பீக்கர்

"எவ்வளவு மழை பெஞ்சாலும் மோட்டார் சைக்கிள்ல பாட்டு நிக்கக் கூடாதுங்க" என்றான் கலஹாவிலிருந்து வந்த கிளறன்ஸ்.

கண்டியில் கடை வைத்திருந்த விவேகானந்தன் ஒரு ஸ்பீக்கரை எடுத்து வைத்தார். சோதித்துப் பார்க்க கிளறன்ஸ் போட்டது சிங்களப் பாட்டு.

யாழ்ப்பாணத்துக்காரரான விவேகானந்தனின் முகம் கடுத்தது. "அங்க எங்கட சனம் சண்டையில சாகுது. உமக்குச் சிங்களப் பாட்டுக் கேக்குதோ?"

கிளறன்ஸ் வெளியே நின்ற மோட்டார் சைக்கிளைக் காட்டினான். "ஸ்பீக்கரை ரோட்டப் பாத்து மாட்டுங்க."

"அப்பிடிப் பூட்டினால் உமக்கு ஒண்டும் கேக்காது."

"எனக்கு வேணாங்க. செக்பொயின்ட்டுல நிக்கிற ஆமிக்காரங்களுக்குக் கேட்டாப் போதும். இந்தப் பாட்டுக் கேட்டா மறிக்காம விட்டுருவாங்க."

விவேகானந்தன் ஸ்பீக்கரைத் திருப்பிப் பிடித்தார்.

"போன மாசம் மழையில பழைய ஸ்பீக்கர் நின்னுபோச்சு. பின்னால இருந்த தம்பிய எறக்கிட்டாங்க. இன்னும் விடல."