பத்து பாயிண்ட் எழுத்து

“அந்தக் கடைசி ரெண்டு வரியை நாலு பாயிண்ட் சைஸுக்குக் குறைச்சிடும்மா” என்றார் பிரஸ் முதலாளி.

ஆபரேட்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “முடியாது சார். பங்கு நோட்டீஸ்ல எச்சரிக்கை பத்து பாயிண்டுக்குக் குறையக்கூடாது. பங்குச்சந்தை ஆணையத்தோட சட்டம்.”

“ஆணையத்துக்காரன் ஸ்கேல் வெச்சு அளந்து பார்க்கப் போறானா?”

சட்டம் பேசுகிற வேலைக்காரியை எந்த முதலாளிக்குப் பிடிக்கும்?

புதிதாகப் பங்கு வெளியிடும் ஒரு கம்பெனியின் நோட்டீஸ் அது. மேலே கம்பெனியின் பெருமை, அதன் கீழே சிரித்த முகமாக ஒரு குடும்பத்தின் படம். படத்துக்கும் கீழே, ‘கம்பெனி மூன்று வருடமாக நஷ்டத்தில் இருக்கிறது. போட்ட பணம் முழுவதும் போகலாம்.’ அதைத்தான் கண்ணில் படாமல் போடச் சொல்லியிருந்தான் கம்பெனி ஏஜென்ட்.

“படிக்கிறவங்க பாவம் சார்.”

“பாவ புண்ணியம் பார்த்தா மெஷின் ஓடுமா? உனக்குச் சம்பளம் தர்றது ஆணையமா, நானா?”

அவள் கை கீபோர்டுக்குத் திரும்பியது. எழுத்து சுருங்கியது. பத்து பாயிண்ட் போட்ட பக்கத்தை மட்டும் அழிக்காமல் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் பத்தாயிரம் நோட்டீஸும் கட்டுக் கட்டாக வேனுக்குக் காத்திருந்தபோது, முதலாளியின் மனைவி வந்தார். போன மாதம்தான் ரிடையரான டீச்சர். ஒரு கையில் அதே நோட்டீஸ், இன்னொரு கையில் செக்.

“ஏங்க, இது உங்க பையில இருந்துச்சு. நல்ல கம்பெனியா தெரியுது. ரிடையரானப்ப வந்த பணத்தை மொத்தமா இதுல போட்டுடலாம்னு...”

முதலாளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஐயையோ, வேண்டவே வேண்டாம்! கீழே படிச்சியா?”

“கீழே படம்தானே இருக்கு?”

“படத்துக்கும் கீழே!”

டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி, நோட்டீஸை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“அட, இது எழுத்தா? பார்டர் கோடுன்னுல்ல நினைச்சேன்!”

முதலாளி அதைப் பார்க்காமலே ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தார். டீச்சர் செக்கை நாலாகக் கிழித்தார்.

“நல்லவேளை, நீங்க பிரஸ் வெச்சிருக்கீங்க. முப்பது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தின எனக்கே கண்ணுல படலையே, மத்தவங்களுக்கு யாருங்க சொல்வா?”

முதலாளியின் மனசு இப்போதாவது மாறும் என்று ஆபரேட்டருக்கு ஒரு நப்பாசை. பத்து பாயிண்ட் பக்கத்தைத் திரையில் திறந்துவைத்து அவரையே பார்த்தாள்.

வாசலில் ஹார்ன் அடித்தது. டிரைவர் எட்டிப் பார்த்தான். “எல்லாத்தையும் ஏத்திடலாமா சார்?”

முதலாளி, மனைவியின் கையிலிருந்த நோட்டீஸை மட்டும் வாங்கிக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

“ம், ஏத்து” என்றார்.