மறுமுனையில் மூச்சு

"அம்மா, ஹெட் ஆபீசுக்கு மறுபடியும் ஏறுது. வீட்டுக்கு வந்துட்டாரா?"

மகள் நிறைமாத வயிற்றோடு கட்டிலில் சாய்ந்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அப்பாவின் நாடித்துடிப்பு எகிறிக்கொண்டிருந்தது. 'ஹெட் ஆபீஸ்' என்பது அம்மாவும் மகளும் அப்பாவுக்கு ரகசியமாக வைத்திருந்த பெயர்.

"இப்பதான் வந்தார்," என்றாள் அம்மா, தாழ்ந்த குரலில்.

"போனை அவர் பக்கத்துல வை. ஸ்பீக்கர்ல போடு."

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். வண்டி கொஞ்சம் தாமதமாக வந்தால் போதும், டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். வீட்டிலும் அதே சட்டம்தான். சாப்பாடு வைக்க நேரமானால் தட்டு பறக்கும். மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, "எனக்கு மகளே கிடையாது" என்றார். அதோடு பேச்சு நின்றுபோனது.

அவளுக்கோ அப்பா என்றால் உயிர். அந்தக் கோபத்தைப் பார்த்தே வளர்ந்தவள், அதை அவரைத் தின்னும் ஒரு வியாதியாகத்தான் நினைத்தாள். மன அழுத்தம் என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவதுதான் அவள் வேலை. ஊருக்கெல்லாம் சொல்கிறோம், பெற்ற அப்பாவுக்குச் சொல்ல வழியில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதனால்தான் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினாள். அதைக் கட்டிக்கொண்டால் துடிப்பு, தூக்கம் எல்லாம் இவள் போனில் தெரியும்.

தூக்கி எறிந்துவிடுவாரோ என்றுதான் பயந்தாள். ஆனால் பார்சல் போய்ச் சேர்ந்த மறுநாளே திரையில் எண்கள் வர ஆரம்பித்துவிட்டன. அன்றைக்குக் கணவனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சம் இல்லை.

"வச்சுட்டேன், பேசு," என்றாள் அம்மா. "பதில் மட்டும் எதிர்பார்க்காதே."

"அப்பா, கண்ணை மூடிக்குங்க. தோளைத் தளர்த்துங்க. மூக்கு வழியா மெதுவா இழுங்க... கொஞ்சம் நிறுத்துங்க... இப்ப விடுங்க. அவசரமே இல்லப்பா. இந்த பஸ் எப்ப வேணா கிளம்பலாம்."

மறுமுனையில் மூச்சு மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. எங்கோ தள்ளி டிவி இரைந்துகொண்டிருந்தது. திரையில் எண் குறைந்துகொண்டே வந்தது. பேசாவிட்டால் போகிறது, சொன்னதைக் கேட்கிறாரே!

சிறிது நேரத்தில் அம்மா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மறுபடி லைனுக்கு வந்தாள்.

"ஏம்மா, டிப்போவுல இருக்கறப்ப பகல் பூரா நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தாத்தான் ஏறுது. ராத்திரியிலயும் பாதி நேரம் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கார். எதனால?"



"வீட்டுக்கு வந்தா உன் நினைப்பு வந்துடுது போல," என்றாள் அம்மா.

"நிஜமாவா?"

"வாய்தான்டி பேசாது. மனசு கேக்குமா?"

"சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் சும்மா படுத்துக்கச் சொல்லும்மா. தூக்கம் வரலேன்னாலும் பரவால்ல, படுத்தாலே போதும். அவர் படுத்தா உலகம் ஒண்ணும் நின்னு போயிடாது."

"சொல்றேன்," என்றாள் அம்மா. ஏனோ குரல் கம்மியிருந்தது.

"குழந்தை பிறந்தா அப்பா வருவாராம்மா?"

"பேரப்பிள்ளையைப் பாக்க வராம இருப்பாரா? நீ கண்டதையும் நினைக்காம தூங்கு."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பிரசவ வலியைத் தாங்கினாள்.

பெண் குழந்தை. அம்மாவுக்குச் சேதி சொன்னது முதல் திரையில் எண் இறங்கவே இல்லை.

"பாருங்க, அப்பா கிளம்பிட்டார்!" ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே போனைக் கணவனிடம் நீட்டினாள். "பேத்தியைப் பாக்கப் போற படபடப்பு. நீங்க வாசல்ல போய் நில்லுங்க. நீங்கதான் முதல்ல 'வாங்க மாமா'ன்னு சொல்லணும்."

அவனும் சட்டையை நீவி விட்டுக்கொண்டு போனான். திரும்பி வரும்போது அவன் கையில் அம்மாவின் பை இருந்தது. பின்னால் அம்மா மட்டும் வந்தாள்.

"அப்பா எங்கம்மா? வெளியில நிக்கிறாரா? இவரைப் பாக்க வெக்கப்படறாரா?"

"அவர் வரலடி." அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நான் வந்ததே அவருக்குத் தெரியாது. அவர் டிப்போவுக்குப் போனதும் பஸ் ஏறிட்டேன்."

"பொய் சொல்லாதே. இங்க பாரு, எவ்வளவு வேகமாத் துடிக்குது!"

அம்மா குழந்தையைத் தூக்கக் குனிந்தாள். போர்த்தியிருந்த புடவைத் தலைப்பு நழுவியது. அந்த ஒல்லி மணிக்கட்டில் பெரிய ஆம்பளைக் கடிகாரம், வாரின் கடைசித் துளையும் போதாமல் நூல் சுற்றி இறுக்கப்பட்டிருந்தது.

"உங்கப்பா அன்னிக்கே இதைக் குப்பையில வீசிட்டார்டி," என்றாள் அம்மா, குழந்தையின் முகத்தைப் பார்த்தபடியே. "மெதுவா மூச்சு விடு, செத்த நேரம் படுத்துக்கோன்னு என்கிட்ட இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. அவருக்குச் சொல்றதையாவது கேட்டுக்கலாம்னு நான் எடுத்துக் கட்டிக்கிட்டேன்."