கீழே வைக்காமல்

தாயத்து அவன் உள்ளங்கையில் இருந்தது. செப்புக் குழல், கறுப்புக் கயிறு. குழந்தையின் உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது.

கண்ணாடிக்கு அப்பால், எம்.ஆர்.ஐ. எந்திரத்தின் வாய்க்குள், நான்கு வயது இசக்கிப்பிரியா மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. காந்தம் இழுக்கும், இல்லையென்றால் சூடேறும். ஸ்கேன் எடுப்பவன் அவன்; ஒரு நாளைக்கு இருபது தடவை இதைச் சொல்கிறான். தாலிக்குச் சொல்லியிருக்கிறான். சிலுவைக்குச் சொல்லியிருக்கிறான்.

இந்தத் தாய் மறுத்துப் பேசவில்லை. தானே அவிழ்த்தாள். அவன் கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள்.

“பள்ளிவாசல்ல ஓதிக் கட்டுனது. நான் வெளியில நிக்கணும்லா. நீங்கதான பிள்ளை பக்கத்துல இருப்பீங்க. கீழ மட்டும் வச்சிராதீங்க அண்ணாச்சி. போன மாசம் குளிப்பாட்டும்போது அவுத்துத் தரையில வச்சிட்டேன். அன்னைக்குத்தான் மொதல் வலிப்பு வந்துச்சு.”

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று வந்தால், முதலாவதால்தான் இரண்டாவது வந்தது என்று ஆகிவிடாது. பல வருடங்களாகப் பல பேரிடம் சொல்லிவந்த பதில்.

“சரிம்மா” என்றான்.

கதவு மூடியது.

இப்போது மேசையில் வைக்கலாம். அவளுக்குத் தெரியப் போவதில்லை.

இடது கை மூடியிருக்க, வலது கையால் மட்டும் விசைகளைத் தட்டினான்.

நர்ஸ் செபஸ்தி பார்த்துவிட்டாள். ஆயுதபூசைக்கு எந்திரத்தில் வைக்கும் சந்தனப் பொட்டை மறுநாளே ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பவன் அவன்.

“கறுப்புச் சட்டைக்காரர் கையில தாயத்தா? வெளிய சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க சார்.”

அவன் திரும்பவில்லை. இது கடவுளுக்குக் கொடுத்த வாக்கு இல்லை. ஒரு பெண்ணிடம் சரி என்று சொன்னது. அவ்வளவுதான்.

பத்தாவது நிமிடம் குழந்தையின் தலை லேசாகச் சரிந்தது. உள்ளே போய் நேராக்க வேண்டும். தாயத்தோடு போக முடியாது.

மேசை ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

“செபஸ்தி, கைய நீட்டுங்க.”

சிரித்துக்கொண்டேதான் நீட்டினாள். அவன் திரும்பி வந்தபோது சிரிப்பு இல்லை. இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டிருந்தாள்.

வாங்கிக்கொண்டான்.

படங்கள் வரத் தொடங்கின.

ஏழாவது படத்தில், மூளைக்குள் வெள்ளையாக ஒன்று. நெல்லிக்காய் அளவு.

எது என்ன என்று சொல்வது டாக்டரின் வேலை. ஆனால் பன்னிரண்டு வருடங்களாகப் பார்த்த கண். இது ஒரு மாதத்தில் வளர்ந்ததில்லை. அந்தக் குளியலுக்கு வெகு முன்பே, தாயத்து குழந்தையின் கையில் இருந்தபோதே, வளர்ந்துகொண்டிருந்தது.

கயிறு அவன் வியர்வையில் நனைந்திருந்தது.

குழந்தையை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். தாய் முதலில் அவன் கையைத்தான் பார்த்தாள்.

“கீழ வைக்கலியே?”

“இல்லம்மா.”

அவள் தோள்கள் இறங்கின.

“கீழ வைக்காத கைல்லா. நீங்களே கட்டிருங்க. மூணு முடிச்சு.”

கட்டினான். தூங்குகிற கை, கனமே இல்லாமல் இருந்தது. மூன்றாவது முடிச்சை இறுக்கும்போது தாய்க்கு ஏதாவது தர வேண்டும் போலிருந்தது. அவனிடம் இருந்தது ஒன்றுதான்.

“நீங்க அன்னைக்கு அவுத்து வச்சதால வந்ததில்லம்மா.”

சொன்ன பிறகுதான், ஏதோ வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது.

அவள் நிமிர்ந்தாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

குழந்தையின் கையை மெல்ல அவன் பக்கம் நகர்த்தினாள்.

“இன்னொரு முடிச்சு போடுங்க அண்ணாச்சி.”

போட்டான்.