கிறுக்கல் நோட்டு

"பட்டம் வாங்கினது வரலாறு. கூடவே தொடக்கப் பள்ளிக்கும் சிறப்புக் கல்விக்கும் பயிற்சி வேற. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டா எப்படிம்மா?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார் தலைமையாசிரியை.

"எனக்கு எல்லாமே பிடிக்கும் மேடம்," என்றாள் புது டீச்சர். காலையிலிருந்து இது பத்தாவது கேள்வி. வகுப்பை விட்டு நகராத அந்த அம்மாளுக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டுவிட்டது.

"இந்தப் பொண்ணு வாயே திறக்காது. நோட்டு நிறையக் கிறுக்கும். உங்களுக்கு முன்னாடி நாலு டீச்சர் பாதியிலேயே போயிட்டாங்க."

சிறுமி நோட்டை டீச்சர் பக்கம் தள்ளினாள்.

கிறுக்கல் இல்லை. கல்லூரியில் மூன்று வருடம் படித்த பழைய கல்வெட்டு எழுத்து. சில குழந்தைகள் எழுதுவதுபோல இடவலம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

'முடிச்சு விழுந்துடுச்சே!' என்று உள்ளுக்குள் சிரித்தபடி, உச்சரிப்புப் பயிற்சிக்காக மேசையில் வைத்திருந்த கண்ணாடிமுன் நோட்டைப் பிடித்தாள். எழுத்துகள் நேராயின.

'அவங்களுக்குப் புரியக் கூடாதுன்னுதான் இப்படி எழுதறேன். அவங்க என்ன கேட்டாலும் பதில் பேசாதீங்க. பேசின நாலு பேரையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க.'

"என்ன எழுதியிருக்கா?" தலைமையாசிரியையின் குரல் காதோரம் கேட்டது.

கண்ணாடியில் டீச்சரும் சிறுமியும் மட்டுமே தெரிந்தார்கள்.

"சொல்லுங்க டீச்சர், இவ்வளவு நேரம் நல்லாத்தானே பேசினீங்க?"

சிறுமி டீச்சரைப் பார்த்து, வாயில் விரல் வைத்தாள்.